அம்மா நீச்சல் கற்ற தீவு

ஜன. 22, வியாழன். ராயபுரம்.

காலையில் மூட்டம், பத்து மணிக்கு மேல் வெயில். கடல் பக்கமிருந்து கருவாடும் டீசலும் கலந்த வாடை, வழக்கம்போல.

நாளையிலிருந்து நான்கு நாள் லீவு. கன்ட்ரோல் ரூமில் சூப்பர்வைசர் லீவு லெட்டரைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். "லீவா? நீயா? ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" துறைமுகத்தில் சேர்ந்ததிலிருந்து காய்ச்சலுக்குத் தவிர லீவு கேட்டதில்லை. எந்தக் கன்டெய்னர் எந்த அடுக்கில் போய் உட்காரவேண்டும் என்று திரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருப்பது என் வேலை. நான்கு நாள் அவை எங்கே வேண்டுமானாலும் உட்கார்ந்துகொள்ளட்டும்.

போவது பழவேற்காட்டுக்கு அப்பால் ஒரு தீவு. ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் கடல். பெரம்பூர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் அம்மாவோடு வேலை பார்த்து ரிட்டயர் ஆன குமரேசன் அங்கிளின் சொந்த ஊர். வீடு அங்கே இருக்கிறதாம், வந்து தங்கிக்கொள்ளுங்கள் என்றாராம். யோசனை அம்மாவுடையது.

"அங்க இன்னாம்மா கீது?"

"ஒண்ணுமே இல்லடி. அதுக்குத்தான் போறோம்."

சரியான பதில். மேற்கொண்டு கேட்கவில்லை.

நான் எடுத்தது: இரண்டு சுடிதார், தொப்பி, தலைவலித் தைலம், சார்ஜர். அம்மா எடுத்தது: புது நைட்டி, புதுச் செருப்பு, பவுடர் டப்பா, மாங்காய் ஊறுகாய், ஜெபமாலை. சாயங்காலம் பார்லருக்குப் போய்ப் புருவம் வேறு திருத்திக்கொண்டு வந்தாள். யாருக்குக் காட்ட? நண்டுக்கா?


ஜன. 23, வெள்ளி. தீவு.

வெயில், ஆனால் காற்று. நல்ல காற்று.

கும்மிடிப்பூண்டி ரயில். திருவொற்றியூர், எண்ணூர் தாண்டும்வரை ஜன்னலுக்கு வெளியே புகைக்கூண்டு, டேங்க், லாரி வரிசை. அத்திப்பட்டு தாண்டியதும் பச்சை. பொன்னேரியில் இறங்கிப் பஸ். பழவேற்காட்டில் ஊர்க்காரர்கள் போகும் படகு. படகில் எங்களோடு ஒரு கேஸ் சிலிண்டர், இரண்டு அரிசி மூட்டை, தூங்குகிற ஒரு ஆடு. அம்மா ஆட்டுக்குப் பக்கத்தில் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள். நான்தான் படகு ஆடும்போதெல்லாம் ஓரப் பலகையைப் பிடித்துக்கொண்டேன். காசிமேட்டுக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தும் எனக்கு நீச்சல் தெரியாது. எங்கள் பக்கத்துக் கடல் பார்ப்பதற்கு மட்டும். எண்ணெய் மிதக்கும் தண்ணீரில் யார் இறங்குவது.

கரையில் குமரேசன் அங்கிள். ஒல்லி. நரைத்த மீசை. பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு தண்ணீரில் நின்றிருந்தார். என் பையை வாங்கினார். அம்மாவின் பையை வாங்கவில்லை, அவளே தூக்கிக்கொண்டு இறங்கினாள். இந்த ஊரில் அவருக்குப் பேர் 'ஒர்க்‌ஷாப்காரர்'.

வீடு சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்தது. ஒரு அறை, ஒரு சமையலறை, பின்னால் சவுக்குத் தோப்பு. எங்களுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு அவர் தம்பி வீட்டில் படுத்துக்கொள்கிறார். தரை அப்படியொரு சுத்தம். ஆண் தனியாக இருக்கிற வீடு என்று சொன்னால் நம்பமாட்டார்கள்.

மதியம்: மடவை மீன் குழம்பு, அவர் வைத்தது. புளி தூக்கல். இரண்டாம் முறை போட்டுக்கொண்டேன்.

தோப்பைத் தாண்டினால் கடற்கரை. ஒரு ஆள் இல்லை. வலப்பக்கம் மணல், இடப்பக்கம் மணல். சிவப்பு நண்டுகள் என்னைப் பார்த்ததும் ஒட்டுமொத்தமாக வளைக்குள். தெற்கே கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் எண்ணூர்ப் புகைக்கூண்டுகள், கிரேன்கள், உள்ளே போக முறைக்குக் காத்திருக்கும் கப்பல்கள். இங்கிருந்து எங்கள் ஊர் மொத்தமும் ஒரு விரல் நீளம். விரலை வைத்து மறைத்தும் பார்த்தேன். மறைந்தது.

சவுக்கு நிழலில் பழைய வலையை விரித்துப் படுத்தேன். எழுந்தபோது வெயில் இறங்கியிருந்தது. கன்னத்தில் வலைக் கண்கள் பதிந்திருந்தன. அம்மா பார்த்துவிட்டு, "மீன் மாட்டிகிச்சி" என்றாள். அவள் இவ்வளவு சிரித்து நான் பார்த்து எவ்வளவு நாளாயிற்று.


ஜன. 24, சனி.

மேகமே இல்லை. காலையில் ஏரி கண்ணாடி.

இன்று நடந்ததை வரிசையாக எழுதிவிடவேண்டும். இல்லாவிட்டால் கோபத்தில் முன்பின்னாகிவிடும்.

காலையில் கடலும் ஏரியும் சேரும் இடத்துக்குப் போனோம். உள்பக்கத்தில் அலை கிடையாது, இடுப்பளவு தண்ணீர், அடியில் மணல் தெரிகிறது. என் கால்விரலை நானே தண்ணீருக்குள் பார்ப்பது இதுதான் முதல் தடவை. நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். திரும்பினால் அம்மாவைக் காணோம்.  "ம்மா!" என்று கத்தினேன்.

ஆழத்தில் ஒரு கை மேலே வந்தது. அடுத்து இன்னொரு கை. அம்மா நீந்திக்கொண்டிருந்தாள். பழைய சுடிதார் முதுகில் காற்று அடைத்து உப்பி நிற்க, போய், திரும்பி, மல்லாந்து படுத்து, கண்ணை மூடிக்கொண்டு மிதந்தாள். ஐம்பத்து நாலு வயது. ரயில் பெட்டி சீட்டுகளுக்கு ரெக்சின் தைக்கிறவள்.

"எப்பம்மா கத்துகின?"

"சின்ன வயசுல."

"சின்ன வயசுல நீ புரசவாக்கத்துல இருந்த."

"அங்க கொளம் இருந்திச்சி" என்றாள். ஒரு முங்கு முங்கிவிட்டாள். பேச்சு முடிந்தது.

வீட்டுக்கு வந்தேன். பக்கத்து வீட்டு லட்சுமி அக்கா வாசலில் இறால் உரித்துக்கொண்டிருந்தார். நானும் குந்திக்கொண்டு இரண்டு உரித்தேன். அவர் நல்ல மனதோடு சொன்னார்: "இன்னாமா, உங்கம்மா ஷோக்கா நீந்துறாங்க இப்ப! போன தபா வந்தப்ப தண்ணி குடிச்சி, மூக்குல ஏறி, ஒரே இருமலு. ஒர்க்‌ஷாப்காரருதான் வுடாம சொல்லிக்குடுத்தாரு."

போன தபா.

"போன தபான்னா எப்பக்கா?"

"மழைக்கி முன்னாடி. அதுக்கும் முன்னாடி ஒரு தபா." அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார். கையிலிருந்த இறாலைத் தட்டில் போட்டார். "உனுக்குத் தெரியாதா? ஐய, நான் ஒரு லூசு."

மழைக்கு முன்னால் அம்மா வேளாங்கண்ணிக்குப் போனாள். ஒர்க்‌ஷாப்பில் அவளோடு தைக்கும் பெண்களோடு. தீர்த்தம்கூடக் கொண்டுவந்து கொடுத்தாள்.

நேரே கடற்கரைக்குப் போனேன். அம்மா ஈரத் தலையை விரித்துப் போட்டு மணலில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டாள்.

"லட்சுமி சொல்ட்டாளா?"

"வேளாங்கண்ணின்னு சொன்ன."

"அதுக்கும்தான் போனேன். ஒரு நாளு அங்க. மீதி இங்க."

"எதுக்குமா பொய்யி?"

"சொல்றதுக்குத்தான் இட்டுகினு வந்தேன். குந்து."

உட்காரவில்லை. நின்றுகொண்டே கேட்டேன். அவள் அண்ணாந்து பார்த்து, கண்ணுக்குக் கையை மறைத்துக்கொண்டு, குரல் ஏறாமல் இறங்காமல் சொன்னாள்.

"குமரேசன கல்யாணம் பண்ணிக்கப்போறேன். அவரு பொண்டாட்டி போய் சேந்து ரொம்ப நாளாச்சி, புள்ள இல்ல. நோட்டீசு குடுத்தாச்சி. திங்கக்கெழமைக்கி அப்பாலிக்கா ரிஜிஸ்டர் ஆபீசு போர்டுல எம்பேர ஒட்டுவான். ராயபுரமே படிக்கிறதுக்கு முன்னாடி உன்கிட்ட நானே சொல்லணும்."

"யார்யாருக்குத் தெரியும்?"

"ஃபாதருக்கு."

"எனக்கு முன்னாடியா!"

"அவரு பேச மாட்டாரு. நீ பேசுவ."

ஃபாதர், பிஷப்புக்கு எழுதிப் போட்டு அனுமதி வாங்கவேண்டும், மாப்பிள்ளை வேறு மதம், நாளாகும் என்றாராம். அது வரும்போது வரட்டும், முதலில் ரிஜிஸ்டர் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

"நான் வேணான்னு சொன்னா?"

"வருத்தப்படுவேன்" என்றாள். "ஆனா உன்கிட்ட பர்மிஷன் கேக்க வரல, மெர்லின். சொல்றதுக்கு வந்தேன். சாட்சி கையெழுத்துக்கு மூணு பேரு வேணும், ஒருத்தரு அவரு தம்பி. அத மட்டும் கேக்கறேன். மொத ஆளா நீ போடணும்."

திரும்பி நடந்தேன். கரையோரமாகவே வடக்கே, கால் வலிக்கும்வரை. அழவில்லை. அப்பா நான் காலேஜில் இருந்தபோது இறந்துபோனார். வாரிசு வேலையாக அவருடைய இடத்தில் ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்த முதல் நாள் அம்மா அவருடைய டிபன் பாக்சைத்தான் எடுத்துக்கொண்டு போனாள். அந்த ஒர்க்‌ஷாப்பிலா? அந்த கேட்டுக்குள்ளேயா?

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், இங்கே யார் படிக்கப்போகிறார்கள். கோபம் அப்பாவுக்காக மட்டும் இல்லை. அவளுக்குத் தெரியாமல் நான் ஒரு ரகசியம் வைத்திருந்தால் அது இயல்பு. எனக்குத் தெரியாமல் அவள் வைத்திருக்கிறாள். நீந்துகிறாள். சிரிக்கிறாள். கன்டெய்னர்களைப்போல அவளும் எங்கே இருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்தபோது இறால் தொக்கு. தட்டைப் பார்த்தபடியே தின்றேன். நன்றாக இருந்தது, அதனால் இன்னும் கோபம்.


ஜன. 25, ஞாயிறு.

காலையில் பனி, பிறகு சுள்ளென்று வெயில். தீவில் சர்ச் இல்லை, ஞாயிற்றுப் பூசை தவறிப்போயிற்று. அம்மா வாசலில் உட்கார்ந்து ஜெபமாலை சொன்னாள். அருள் நிறைந்த மரியேவுக்கு நான் பதில் சொல்லவில்லை. இரண்டு பங்கையும் அவளே சொல்லிக்கொண்டாள்.

கு. அங்கிள் வந்து, பூநாரை பார்க்க வருகிறாயா என்றார். அம்மா உடனே, "எனக்குத் தலைவலி, நீ போ" என்றாள். தைலம் என் பையில்தான் இருக்கிறது. கேட்கக்கூட இல்லை. திட்டமிட்ட சதி. போனேன். எனக்கும் அவரிடம் கேட்கவேண்டியிருந்தது.

ஏரியின் நடுவில் படகு எஞ்சினை நிறுத்திவிட்டார். தூரத்தில் தண்ணீரில் ஒரு இளஞ்சிவப்புக் கோடு. கிட்டப் போனால் பறந்துவிடும் என்று இங்கேயே நிறுத்தினாராம். அத்தனையும் தலையைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு மும்முரமாகத் தின்றுகொண்டிருந்தன. அழகுதான். ஆனால் நான் பறவை பார்க்க வரவில்லை.

"எப்ப ஆரம்பிச்சிது?" என்றேன்.

அவர் மழுப்பவில்லை. "நான் மெஷின் ரிப்பேரு. உங்கம்மா தைக்கிற மெஷினு அடிக்கடி நின்னுடும். நான் போயி பாப்பேன்."

"அடிக்கடி நிக்குமா?"

"நான் ஒழுங்கா ரிப்பேரு பண்ணல."

நான் முறைத்தேன். அவர் தண்ணீரைப் பார்த்தபடி, "அவங்களுக்கும் தெரியும். ஒரு தபா அவங்களே நூல உள்ள உட்டு சிக்க வெச்சிட்டு ஆள் அனுப்பனாங்க" என்றார்.

சிரிக்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"எங்கப்பாவ தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாம? கேரம் ஆடுவோம், சாப்பாட்டு நேரத்துல. உங்கப்பா ஸ்டிரைக்கர தொட்டா காயி தானா போயி வுழும். அவர்கிட்ட நான் ஜெயிச்சதே இல்ல." எஞ்சின் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டு, "நான் அவரு எடத்துக்கு வரல பாப்பா. அந்த எடம் அப்டியே கெடக்கட்டும். நீ கோச்சிகினா அதுவும் நாயந்தான்."

யாரும் என்னைப் பாப்பா என்று கூப்பிட்டு இருபது வருஷம் இருக்கும். முப்பத்தொரு வயதில் எனக்குப் பிடித்ததா இல்லையா என்று சொல்லத் தெரியவில்லை.

"எங்கம்மாவ இங்க இட்டுகினு வந்துடுவீங்களா?"

"அவங்கள யாரு இட்டுகினு வர்றது?" என்று முதல் முறையாகச் சிரித்தார். "அவங்களுக்கு இன்னும் சர்வீசு கீது. ராயபுரத்த உட்டு வரமாட்டேன்னு மொதல்லயே சொல்ட்டாங்க. எனக்கு இந்தத் தண்ணிய உட்டு வர முடியாது. வெள்ளிக்கெழம சாயங்காலம் வருவாங்க, திங்கக்கெழம காலைல போவாங்க. நடுவுல நான் ஒரு நாளு அங்க வந்து பாத்துட்டு வருவேன். அவ்ளோதான் கணக்கு."

அம்மாவே போட்ட திட்டம் என்று தெரிந்தது. துறைமுக யார்டில் கன்டெய்னர்களுக்கு நான் போடுவதைவிடச் சுத்தமான திட்டம்.

 பூநாரைக் கூட்டம் எதற்கோ ஒன்றாக எழும்பியது. இறக்கைக்கு அடியில் கறுப்பும் சிவப்பும். வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். கோபமாக இருக்கிற ஆள் வாயைப் பிளக்கக்கூடாது.

சாயங்காலம் அடுத்த வேலை: அண்ணனிடம் சொல்வது. சேவியர், மஸ்கட்டில். அவனுக்கு வேலை முடியும் நேரம் பார்த்து மூன்று பேரும் பெரிய மணல்மேட்டில் ஏறினோம். தீவில் அங்கேதான் சிக்னல். அம்மா பவுடர் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். வீடியோ கால். அங்கிள் திரையில் விழாத தூரத்தில் தள்ளி நின்றார். அம்மா அவரைக் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் நிறுத்தினாள்.

"சேவி, இவரு குமரேசன். ஒர்க்‌ஷாப்புல இருந்தாரு. நாங்க கல்யாணம் பண்ணிக்கப்போறோம்."

இவ்வளவுதான் சொன்னாள். நான் இரண்டு நாளாக ஒத்திகை பார்த்திருப்பேன்.

அண்ணன் முகம் அப்படியே நின்றது. வீடியோ உறைந்துவிட்டதா, அவனே அசையவில்லையா என்று தெரியவில்லை. "இன்னாமா பேசிகினு கீற? மெர்லின் எங்க? அவ பக்கத்துல கீறாளா? அவளுக்குத் தெரியுமா?" நான் தலையை நீட்டினேன். "நீயும் நின்னு பாத்துகினு கீறியா?" என்றான். திரை கறுத்தது.

"சிக்னல் பூட்ச்சி" என்றார் அங்கிள்.

"இல்ல. அவன்தான் கட் பண்ட்டான்" என்றாள் அம்மா. போனை முந்தானையில் துடைத்துவிட்டு மேட்டிலிருந்து இறங்கினாள். பாதி வழியில் திரும்பி, "ரசம் வெக்கட்டா?" என்றாள். குரல் ஆடவில்லை. ஆனால் செருப்பை மேட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தாள். நான் எடுத்துக்கொண்டு இறங்கினேன்.


ஜன. 26, திங்கள். தீவு, பிறகு வீடு.

காற்று அடங்கிய காலை. பள்ளிக்கூடத்து ஸ்பீக்கரில் கொடிப் பாட்டு. மிட்டாய் கொடுக்கிறார்கள்.

கடைசி நாள் என்பதால் காலையிலேயே தண்ணீருக்குப் போனோம். அம்மா கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன்: "எனக்கும் சொல்லிக்குடு."

மல்லாக்கப் படுக்கச் சொன்னாள். என் கழுத்துக்கு அடியில் அவள் உள்ளங்கை. "தலைய உடு. கழுத்த உடு. கல்லு மாதிரி வெச்சிகினு கீறியே. நான் புடிச்சிகினு கீறேன்டி, எங்கயும் போமாட்டேன்." விட்டேன். காது இரண்டும் தண்ணீருக்குள் போயின. சத்தமெல்லாம் நின்றது. வானம் மட்டும். உடம்புக்கு எடையே இல்லை. பல வருஷமாகத் தோளில் இருந்த ஏதோ ஒன்று கழன்று போவது தெரிந்தது. ஷிப்ட், திரை, அடுக்கு, எல்லாம் தெற்கே அந்த ஒரு விரல் நீளத்துக்குள் இருந்தன.

மேலே அம்மாவின் வாய் அசைந்துகொண்டிருந்தது. எழுந்து காதைத் தட்டிக்கொண்டு, "இன்னா?" என்றேன்.

"கையெழுத்து போடுவியான்னு கேட்டேன்."

"போடறேன்" என்றேன்.

 என் தலையில் தண்ணீரை வாரி ஊற்றினாள், சின்ன வயதில் குளிப்பாட்டுவதுபோல. மூக்கிலெல்லாம் உப்பு.

பிறகு அவள் கையை எடுத்ததே எனக்குத் தெரியாது. தனியாக மிதந்துகொண்டிருந்தேன். தெரிந்ததும் முழுகினேன்.

திரும்பும் படகை அங்கிளே ஓட்டினார். லட்சுமி அக்கா ஒரு பை காய்ந்த இறால் கொடுத்து, "நான் லூசுத்தனமா பேசனதுக்கு" என்றார். நீங்கள் பேசியதுதான் நல்லது என்றேன். உண்மைதான்.

நடு ஏரியில் என் போனுக்கு உயிர் வந்தது. அண்ணனிடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வரிசையாக. எஞ்சின் சத்தத்தில் காதில் ஒட்டிவைத்துக் கேட்டேன். முதலில் கத்தல். பிறகு ஊர் என்ன சொல்லும். பிறகு, அப்பா போட்டோவை என்ன செய்வீர்கள். பிறகு நீண்ட இடைவெளிக்கு அப்புறம், தூங்கி எழுந்த குரலில், இன்று காலை அனுப்பியது: "அந்தாளு குடிப்பாரா? நீ ரெண்டு நாளா பாத்துகினு கீற இல்ல. ஒழுங்கா சொல்லு."

அம்மா முன்பக்கத்திலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னா சொல்றான்?"

"அங்கிள் குடிப்பாரான்னு கேக்கறான்."

எஞ்சின் பக்கத்திலிருந்து அவர், "விட்டு ரொம்ப நாளாச்சின்னு சொல்லு. உண்மையே சொல்லு" என்றார்.

நான் போனை வாயருகே பிடித்து அனுப்பினேன்: "முன்னாடி குடிச்சிருக்காரு, இப்ப இல்ல. கொழம்புல புளி ஜாஸ்தி போடறாரு. வேற கொற எனக்குத் தெரியல. அப்பா போட்டோ இருக்கிற எடத்துலதான் இருக்கும். நான் சாட்சி கையெழுத்து போடப்போறேன். இன்னும் ஒரு ஆளு கொறையுது, லீவு கெடைக்குமா பாரு."

அம்மா சிரித்தாளா அழுதாளா, எதிர்காற்றில் தெரியவில்லை. முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு, "தண்ணி அடிக்கிது" என்றாள். ஏரியில் அலையே இல்லை.


ஜன. 27, செவ்வாய்.

வேலை. கப்பல் நெரிசல். பின்கழுத்து உரிகிறது. சூப்பர்வைசர்: "கறுத்துட்ட. நல்லா கீற." இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார்.

அண்ணனிடமிருந்து ஒரு வரி: லீவு கேட்டிருக்கிறானாம். 'சாட்சிக்கு இல்ல, பாக்கறதுக்கு' என்று சேர்த்திருக்கிறான். பார்க்கட்டும்.


ஜன. 30, வெள்ளி. ராயபுரம்.

புழுக்கம். தண்ணீர் லாரி லேட்.

அம்மா ஒர்க்‌ஷாப்பிலிருந்து நேரே பொன்னேரி ரயில் ஏறிவிட்டாள். வீட்டுக்குக்கூட வரவில்லை. பையைக் காலையிலேயே எடுத்துப் போனாள். நான் வழியனுப்ப வேண்டாமாம், ஞாயிறு தோன்றினால் வரவேண்டுமாம். போவேன் என்று நினைக்கிறேன். முழுகாமல் மிதக்கவேண்டும்.

குடத்தோடு லாரிக்கு நின்றேன். முழுத் தெருவும் நின்றது. எதிர்வீட்டு ஜோஸ்பின் ஆன்ட்டி. எங்கள் தெருவில் அவர் காதுக்குப் போகாதது கிடையாது. இது போயிருந்ததா என்று எனக்குத் தெரியாது. ரிஜிஸ்டர் ஆபீஸ் பக்கம் அவர் தம்பிக்கு ஜெராக்ஸ் கடை.

"எங்கடி உங்கம்மா? நாலு நாளா ஆளு ஒரு தினுசா கீறா. வெள்ளிக்கெழமயும் அதுவுமா பையத் தூக்கினு எங்க போறா? எதோ கேள்விப்பட்டேன்..."

வரிசையில் பேச்சு நின்றது. குடங்கள்கூட அசையவில்லை. குரலைத் தாழ்த்தி வைத்துக்கொள்ளலாமா என்று ஒரு கணம். பிறகு கடைசிக் குடம் வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"கேள்விப்பட்டது கரெக்டுதான் ஆன்ட்டி. அம்மாவுக்குக் கல்யாணம். பழவேற்காடு பக்கம். நான்தான் சாட்சி."

ஜோஸ்பின் ஆன்ட்டி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.  தெருவே அவரைப் பார்த்தது. அடுத்த வார்த்தைக்குத் தயாராக நின்றேன்.

ஆன்ட்டி குடத்தை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டு, கிட்டே வந்து, பெண் பார்க்க வந்த வீட்டில் கேட்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு கேட்டார்:

"மாப்ள இன்னா பண்றாரு?"